மாதிரி வராத நாட்களில் ஒரு கருவி

மே மாதத்தில் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறைக்குப் போயிருந்தேன். தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக எல்லா அறைக்கும் பூட்டு. கடைசி அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவை நெருங்கும்போதே ரோட்டரி பம்பின் சீரான இரைச்சல் கேட்டது. ஆய்வக உதவியாளர் கதவைத் திறந்துவிட்டு, "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க சார், உள்ள தூசி ஆகாது" என்றார்.

உள்ளே இருந்தது ஒரு ஜிசி-எம்எஸ். ஒரு கலவையை ஆவியாக்கி, அதிலுள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறும் எப்படி உடைகிறது என்பதை வைத்து அது இன்னதென்று சொல்லும் கருவி. நொச்சி இலையின் சாற்றில் என்ன இருக்கிறது, ஆடாதொடையில் என்ன இருக்கிறது என்று ஆய்வேடு எழுதும் மாணவர்கள் தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை இதற்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். சித்திரை பிறந்தால் ஒருவரும் இல்லை.

பொறுப்புப் பேராசிரியர் ஒரு பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தார். "கடைசி சாம்பிள் ஓட்டி மூணு வாரம் ஆகுது சார். சும்மாதான நிக்குது, அணைச்சு வெச்சா கரண்டு மிச்சம்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. அணைக்கக் கூடாதுன்னு நான் சொன்னா யாருக்கும் புரியல."

அலுவலகம் கேட்பது நியாயமான கேள்விதான். மின்கட்டணம் கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார். பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய கருவி, வேலையே இல்லாமல் இரவும் பகலும் ஓடுவதைப் பார்த்தால் எவருக்கும் மனம் கேட்காது. அதற்குப் பதில் கருவியின் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறது என்பதால், சிலிண்டரில் தொடங்கி பம்ப் வரை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன்.

சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த ஹீலியம் சிலிண்டர் முதலில். தூய்மை 99.999 சதவீதம். அதிலிருந்து வரும் செம்புக் குழாயில் ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டிகள். இந்த வாயுவுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைக் கருவிகளோடு நின்றார்கள். இரண்டு ஊரும் அன்று சென்னை மாகாணம். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. அதுதான் ஹீலியம் என்று பிறகு பெயர் பெற்றது. பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895இல் வேதியியலாளர் ராம்சே வரவேண்டியிருந்தது. நம் வானத்தில் துப்புக் கிடைத்த வாயுவை இன்று நாம் இறக்குமதி செய்கிறோம். உலக ஹீலியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கத்தாரிலிருந்து வருகிறது. 2017 ஜூனில் அண்டை நாடுகள் கத்தாரோடு எல்லையை மூடியபோது அங்கிருந்த ஹீலியம் ஆலைகள் நின்றுபோயின. அப்படி ஒரு செய்தி வந்தால் ஆய்வகங்களில் சிலிண்டர் விலையை விசாரிக்கும் போன்தான் முதலில் ஒலிக்கும்.

அதனால் ஓய்வு நேர அமைப்பில் முதல் அக்கறை ஹீலியத்தின் மேல். பேராசிரியர் திரையில் வாயு ஓட்டங்களைக் காட்டினார். நுண்குழல் வழியாகப் போவது நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர்தான். மாதிரியைச் செலுத்தும் வாயிலில் ரப்பர் மூடியைக் கழுவிக்கொண்டு போவது 3 மில்லிலிட்டர். மிச்சமெல்லாம் ஸ்ப்ளிட் என்ற பக்கவழியாக வெளியே போகிறது. பகுப்பாய்வின்போது அந்த ஸ்ப்ளிட் 50 என்று வைத்திருந்தால் மொத்தம் நிமிடத்துக்கு 54 மில்லிலிட்டர். அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ஒரு நாளில் ஏறக்குறைய 78 லிட்டர் காற்றோடு போய்விடும். 7,000 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் ஒரு மாதிரிகூட ஓட்டாமல் 90 நாளில் காலி.

கேஸ் சேவர் என்ற ஒரு வசதி பெரும்பாலான நவீன கருவிகளில் உண்டு. அதை இயக்கி ஸ்ப்ளிட்டை 15க்குக் குறைத்தால் மொத்த ஓட்டம் 19. ஒரு நாளுக்கு 27 லிட்டர் சொச்சம். அதே சிலிண்டர் எட்டு மாதத்துக்கு மேல் வரும். இந்த ஒரு எண்ணை மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். பல ஆய்வகங்களில் அந்த ஒரு நிமிடத்தைக்கூட யாரும் செலவிடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

"அப்ப சிலிண்டரையே மூடிட்டா?" என்று கேட்டேன்.

உதவியாளர்தான் பதில் சொன்னார். "ஐயோ, அத மட்டும் செய்யக் கூடாது சார். பம்ப் உறிஞ்சிக்கிட்டே இருக்குது இல்ல? கேஸ் நின்னா அது காத்த உள்ள இழுக்கும்."

சரியாகச் சொன்னார். ஆய்வகத்தில் காலம் என்று சொல்லும் அந்த நுண்குழல் 30 மீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் உள்விட்டம். அதன் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் சிலிக்கோன் படலம் பூசியிருக்கிறது. பொருட்களைப் பிரிப்பது அந்தப் படலம்தான். சூடாக இருக்கும்போது ஆக்ஸிஜன் பட்டால் அது சிதைந்து, துண்டு துண்டாகக் கழன்று வரத் தொடங்கும். அப்புறம் எந்த மாதிரி ஓட்டினாலும் நிறை எண் 207, 281 என்று சிலிக்கோனின் துண்டுகள் அடித்தளத்தை உயர்த்திக்கொண்டே போகும். ஆய்வகக்காரர்கள் இதை ப்ளீட் என்பார்கள். திருத்த வழியில்லை, புதுக் குழல் வாங்க வேண்டியதுதான். ஆகவே வாயு வந்த பிறகே சூடு, சூடு தணிந்த பிறகே வாயுவை நிறுத்துவது. இந்த வரிசையை இந்த அறையில் கணினிக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்து வெப்பநிலைகள். இதில்தான் கருத்து வேறுபாடும் அதிகம்.

மாதிரி செலுத்தும் வாயில் வேலை நேரத்தில் 250 டிகிரி. ஓய்வில் அதை 150 என்று இறக்கியிருந்தார்கள். செப்டம் என்ற ரப்பர் மூடி எந்நேரமும் 250 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் சீக்கிரம் இறுகி வெடிக்கும். அதிலிருந்து கசியும் பொருட்கள் குழலின் தலைப்பகுதியில் போய்ப் படியும். இறக்கி வைப்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

ஓவன் என்கிற அடுப்பறை விஷயம் அப்படி இல்லை. சிலர் 40 டிகிரி போதும் என்பார்கள். குழல் குளிர்ச்சியாக இருந்தால் படலத்தின் ஆயுள் கூடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் குளிர்ந்த குழல், வாயுவிலும் செப்டத்திலும் இருந்து வரும் அழுக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரக் கணக்கில் சேர்ந்தது, முதல் ஓட்டத்தில் மொத்தமாகக் கிளம்பி வரும். இன்னும் சிலர் 200 டிகிரியிலேயே விட்டுவிடுவார்கள். அழுக்கு தங்காது, ஆனால் படலம் நாள் முழுக்கத் தேய்ந்து, மூலக்கூறுகளை உடைக்கும் அயனி மூலத்தில் போய்ப் படியும். இந்த அறையில் சனி, ஞாயிறுக்கு 50, நீண்ட விடுமுறைக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகப்படுகிறது. வெயில் காலத்தில் ஏசி நின்றால் அறையே நாற்பதைத் தொடும் ஊரில், ஓவனை 40இல் வைப்பது காகிதத்தில் மட்டும் சாத்தியம்.

குழல் முடிந்து, மூலக்கூறின் துண்டுகளை எடைபோடும் நிறைமானிக்குள் நுழையும் இடத்தில் ட்ரான்ஸ்ஃபர் லைன் என்ற சூடான பாலம். அது வேலை நேரத்தில் 280. இங்கே 250இல் விட்டிருந்தார்கள். அதற்கப்பால் அயனி மூலம் 230, நான்கு தண்டுகள் கொண்ட குவாட்ரபோல் 150. இந்த இரண்டையும் வேலை நேரத்தில் இருந்தபடியே தொடாமல் விட்டிருந்தார்கள். "அதையும் எறக்கலாமேன்னு கேப்பாங்க. மூலம் ஆறிப்போனா அழுக்கு அதுலதான் உக்காரும். சூடா வெச்சிருந்தா தானா சுத்தமா இருக்கும்" என்றார் பேராசிரியர். மூலத்தைக் கழற்றி, அலுமினாப் பொடி போட்டுத் தேய்த்து, கரைப்பான்களில் கழுவி, உலர்த்தி மாட்டுவதற்கு அனுபவசாலிக்கே அரை நாள் போய்விடும். அந்த வேலையைச் செய்தவர் எவரும் மூலத்தை வீணாக ஆறவிட மாட்டார்.

கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டியவை இரண்டே. மூலக்கூறுகளை உடைக்க 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான்களைப் பொழியும் இழை, அயனிகளை எண்ணும் மல்டிப்ளையரின் உயர் மின்னழுத்தம். பொதுவாக மாதிரி ஓடும்போது மட்டுமே இவை விழிக்கும். ஆனால் கருவியைச் சரிபார்க்கும் ட்யூன் திரையைத் திறந்து ஏதாவது பார்த்துவிட்டு, அதை மூடாமல் சாப்பிடப் போனால் இழை எரிந்துகொண்டே இருக்கும். இழைக்கும் மல்டிப்ளையருக்கும் ஆயுள் மணிக் கணக்கில்தான். பேராசிரியர் மாலையில் கிளம்பும் முன் அந்தத் திரையை ஒரு முறை பார்த்து, பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். நான் புரட்டிப் பார்த்த பக்கங்களில் விடுமுறை நாட்களிலும் கையெழுத்து இருந்தது. அவர் வராத நாளில் உதவியாளருடையது.

பிறகு குனிந்து பம்பைப் பார்த்தோம். ரோட்டரி பம்ப் ஒரு சுற்று வெற்றிடத்தை உண்டாக்கிக் கொடுக்க, கருவிக்குள் இருக்கும் டர்போ பம்ப் நிமிடத்துக்கு 60,000 சுற்று அளவில் சுழன்று மிச்சத்தை வெளியேற்றுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியில் இருப்பதில் பல கோடியில் ஒரு பங்கு. உதவியாளர் பம்பின் கண்ணாடிச் சாளரத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. "கருத்துப்போனா மாத்திருவோம் சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எப்படியும் மாத்தணும்." வாரம் ஒரு முறை பேலஸ்ட் வால்வைத் திறந்து, எண்ணெயில் கலந்த ஈரத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டி வெளியேற்றுகிறார்கள். மாதிரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த எண்ணெய் வயதாகிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்போது அலுவலகத்தின் கேள்விக்கு வருவோம். அணைத்துவிட்டால் என்ன ஆகும்?

ஒழுங்காக அணைக்க வெண்ட் செய்ய வேண்டும். மூலமும் பாலமும் 100 டிகிரிக்குக் கீழே ஆறவேண்டும், டர்போ வேகம் தணியவேண்டும், அதன்பின் மெல்லக் காற்றை உள்ளே விடவேண்டும். அந்தக் காற்று நம் ஊர்க் காற்று; கடல் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊரின் ஈரக் காற்று. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு உலோகப் பரப்பிலும் நீர்ப்படலமாக ஒட்டிக்கொள்ளும். திரும்ப வெற்றிடம் ஏற்றினால் பம்ப் சில நிமிடத்தில் வேகம் பிடித்துவிடும், ஆனால் ஒட்டிய நீர் கழன்று வர மணிக் கணக்காகும். நிறை எண் 18 என்ற இடத்தில் நீரின் உச்சி நெட்டையாக நிற்கும். அது இறங்க ஓர் இரவாவது காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் இழைக்கும் மூலத்துக்கும் பம்பின் தாங்கிகளுக்கும் தேய்மானம்.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஓய்வில் கருவியும் பம்பும் சேர்ந்து அரை கிலோவாட் இழுக்கும் என்று வைத்தால் நாளுக்கு 12 யூனிட். அறையின் ஏசி அதைவிட அதிகம் சாப்பிடும். செலவு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நுண்குழலும் ஒரு மல்டிப்ளையரும் அகாலத்தில் போனால் ஆகும் செலவுக்கு முன்னால் இந்தத் தொகை சிறியது.

சில வாரங்கள் வரை என்றால் ஓடவிடுவதே சரி என்பது என் முடிவு. மாதக் கணக்கில் மாதிரி வராது, கவனிக்கவும் ஆள் இருக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் முறைப்படி வெண்ட் செய்து, குழலைக் கழற்றி இரு முனைகளையும் பழைய செப்டத்தில் குத்தி அடைத்து, பாலத்தின் வாயையும் மூடி வைப்பது நல்லது. இடையில் ஒரு மூன்றாவது வழி உண்டு: யாரும் எதுவும் முடிவெடுக்காமல், ஒரு நாள் மின்சாரம் போய்த் தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைவது. கருவிகள் சாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

அதைப் பற்றிப் பேசவே திண்டிவனம் கிளம்பினேன். விழுப்புரத்திலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு. கூட்டேரிப்பட்டில் மயிலம் திரும்பும் சாலையைப் பார்த்ததும் 2024 நவம்பர் 30 நினைவுக்கு வராமல் இருக்காது. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை 8.30 வரை 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு, சென்னை–விழுப்புரம் ரயில்கள் நின்றன. மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை.

திண்டிவனத்தில் நான் போனது ஒரு சிறிய தனியார் உணவுப் பரிசோதனை ஆய்வகம். நிலக்கடலை விளையும் மண் இது. இங்கேயிருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது, டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940இல். அறுவடை முடிந்தால் கடலையும் எண்ணெயும் பூச்சிமருந்து எச்சம் பார்க்க இந்த ஆய்வகத்துக்கு வரும். அந்தச் சில வாரங்கள் இரவும் பகலும் ஓட்டம். மற்ற நாட்களில் வாரத்துக்கு நாலு மாதிரி வந்தால் அதிகம்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் செஞ்சிப் பக்கத்துக்காரர். "வாங்கண்ணா, முதல்ல கீழ வாங்க" என்று படிக்கட்டுக்கு அடியில் கூட்டிப்போனார். வரிசையாகப் பேட்டரிகள். "மெஷினப் பாக்க வர்றவங்க எல்லாம் மேலதான் பாப்பாங்க. மெஷினு உயிரோட இருக்கறது இதாலதாண்ணா."

ஆன்லைன் வகை யூபிஎஸ். மின்சாரம் போனாலும் ஒரு நொடிகூட இடைவெளி விடாத வகை. ரோட்டரி பம்ப் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும்; அதைக் கணக்கில் வைக்காமல் வாங்கிய யூபிஎஸ், தேவையான நேரத்தில் கைவிட்டுவிடும். இங்கே அரை மணி நேரம் தாங்கும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஜெனரேட்டர் ஏறவேண்டும், இல்லையென்றால் முறைப்படி வெண்ட் செய்ய அந்த நேரம் போதவேண்டும்.

திடீரென்று மின்சாரம் போனால் நடப்பது இதுதான். இரண்டு பம்பும் நிற்கும். சூடான மூலத்தை நோக்கி மெல்லக் காற்று ஏறும். ரோட்டரி பம்பின் எண்ணெய் ஆவி எதிர்த் திசையில் வெற்றிட அறைக்குப் போக வழி கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் மின்சாரம் வந்தால் கருவி தானாகவே எழுந்து பம்பை ஓட்டி, சூட்டையும் ஏற்றத் தொடங்கும். மறுபடி போகும். மழைக்காலத்து மாலையில் இப்படி நாலைந்து முறை நடந்தால், ஒரு வருட உழைப்பின் தேய்மானம் ஒரே நாளில் வந்துவிடும்.

புயலன்று என்ன செய்தார்கள் என்று கேட்டேன். எச்சரிக்கை வந்ததுமே முடிவெடுத்துவிட்டார்களாம். முதல் நாளே மாதிரி எதுவும் ஏற்றவில்லை. 30ஆம் தேதி காலையில் சூட்டை இறக்கி, ஆறவிட்டு, வெண்ட் செய்து, மின்சாரத் தொடர்பையே பிடுங்கிவிட்டார்கள். ஹீலியத்தைக் கடைசியாக மூடினார்கள். "ஓனரு, ஏம்பா நல்லா ஓடறத அணைக்கறன்னாரு. நாமளா அணைச்சா ஒரு நாள் போவும், அதுவா அணைஞ்சா மெஷினு போவும்னேன்." மின்சாரம் நிலையாக வந்த பிறகும் ஒரு நாள் பொறுத்தே மறுபடி ஏற்றினார்கள். நீரின் உச்சி இறங்கி, ட்யூன் சரியாக வந்து, மாதிரி ஓட்ட மேலும் இரண்டு நாள். ஒரு பாகமும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த இளைஞர் செய்த இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஓய்வு நேரத்தில் ஹீலியத்துக்குப் பதில் நைட்ரஜன். இரண்டு வாயுவும் ஒரு மாற்றுப் பெட்டி வழியாகக் கருவிக்குள் போகின்றன. இரவு எட்டு மணிக்குக் கருவி தானாக ஓய்வு முறைக்குப் போய் நைட்ரஜனுக்கு மாறும். காலை ஏழரைக்குத் தானாக ஹீலியத்துக்குத் திரும்பி, சூடேறத் தொடங்கும். ஆட்கள் ஒன்பதரைக்கு வரும்போது தயார். இழை அணைந்திருக்கும்வரை நைட்ரஜனால் நிறைமானிக்குக் கெடுதல் இல்லை. நைட்ரஜன் காற்றிலிருந்து பிரிப்பது, மலிவு, எங்கும் கிடைக்கும். இங்கே ஹீலியம் வேலை நேரத்தில் மட்டும்தான் செலவாகிறது. விடுமுறை அதிகமுள்ள கல்லூரிகள் முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு இது.

காலையில் எழுந்த கருவியில் நேராக மாதிரியை வைப்பதில்லை. முதலில் காற்றும் நீரும் பார்க்கிறார். 18இல் நீர், 28இல் நைட்ரஜன், 32இல் ஆக்ஸிஜன். 28உம் 32உம் காற்றில் இருக்கும் விகிதத்திலேயே சேர்ந்து உயர்ந்திருந்தால் எங்கோ கசிவு. 28 மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இரவு ஓடிய நைட்ரஜன் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்; பொறுத்திருக்கிறார். அதன்பின் ட்யூன்: பி.எஃப்.டி.பி.ஏ. என்ற திரவத்தின் 69, 219, 502 ஆகிய மூன்று உச்சிகளும் அதனதன் இடத்தில், அதனதன் உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது. கடைசியாக வெறும் ஹெக்ஸேனை ஒரு முறை ஓட்டி, இரவு சேர்ந்த அழுக்கைக் கழற்றிவிடுகிறார். இத்தனையும் முடிந்த பிறகே கடலைச் சாற்றின் குப்பி தட்டில் ஏறுகிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து 197, 314 என்ற எண்களில் தெரிந்தால் தெரிந்ததுதான், இல்லையென்றால் இல்லைதான் என்று அவரால் கையெழுத்துப் போட முடிவது இந்தக் காலை வேலையால்.

32 என்ற எண்ணில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஆக்ஸிஜனின் எண் 32. மெத்தனாலின் மூலக்கூறு நிறையும் 32.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம். அதையொட்டி எக்கியார்குப்பம். 2023 மே மாதம் அங்கே விஷச் சாராயம் குடித்தவர்கள் சாய்ந்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேல். 2019 வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். சாராயத்தில், இரத்தத்தில், உள்ளுறுப்பில் அதைக் கண்டு உறுதி செய்வது வாயு நிறப்பிரிகை முறைதான். பெரும்பாலும் சுடர் அயனி உணர்வியை வைத்துப் பார்ப்பார்கள். நிறைமானியையும் துணைக்கு வைப்பதுண்டு. மெத்தனால் குழலைவிட்டு முதலிலேயே, காற்று வெளிவரும் நேரத்தை ஒட்டியே வரும் பொருள். கசிவுள்ள, ஈரம் ஏறிய, சரியாக ஓய்வில் வைக்கப்படாத நிறைமானியில் 32ஐ மட்டும் நம்பினால் எது ஆக்ஸிஜன், எது மெத்தனால் என்ற குழப்பம் வரும். அதனால் 31ஐயும் சேர்த்துப் பார்ப்பார்கள். எத்தனாலுக்கும் 31 உண்டு என்பதால் குழல் இரண்டையும் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். குழல் கெட்டிருந்தால் அதுவும் நடக்காது.

விழுப்புரத்தில் வட்டார தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. அவசர காலத்தில் அரசு நாடுவது அதைத்தான். கல்லூரிக் கருவியின் முடிவு நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் இந்த இரண்டு ஊர்களில் ஒரு நிறைமானி தயார் நிலையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. கிணற்று நீரில் நாற்றம் என்று ஓர் ஊர்க்காரர் பாட்டிலோடு வந்தால், கடலையைக் கப்பலில் ஏற்றும் முன் வியாபாரி சான்று கேட்டால், ஆய்வேடு முடிக்க ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு நிறமாலை பாக்கி என்றால், அன்று கருவி எழுந்து நிற்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று வாரம் அது எப்படி ஓய்வில் இருந்தது என்பதுதான் அதை முடிவு செய்யும்.

தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகள் அரசு நிதி பெற்று இந்தக் கருவியை வாங்குகின்றன. வாங்கும் விலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். கருவி வந்ததும் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கிறார்கள். ஹீலியம் தீர்ந்தால் அடுத்த சிலிண்டருக்குப் பணம் எந்தத் தலைப்பில் எடுப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை. பேட்டரி மூன்று, நான்கு ஆண்டில் சாகும். மாற்ற ஒதுக்கீடு இல்லை. பம்ப் எண்ணெய் உதவியாளரின் சொந்தக் காசில் வந்த கதையையும் கேட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட இடத்தில் எந்த ஓய்வு அமைப்பும் கருவியைக் காப்பாற்றாது.

கருவிக்கு விண்ணப்பம் எழுதும் துறைத்தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஹீலியம், ஓய்வுக்கான நைட்ரஜன் இணைப்பு, ஆன்லைன் யூபிஎஸ், அதன் பேட்டரி, பம்ப் எண்ணெய், அறையின் ஏசி, இவற்றின் ஐந்தாண்டுச் செலவையும் அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள். கொடுக்க மறுத்தால் கருவியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், கோடை விடுமுறைக்குப் பூட்டும் முன் ஸ்ப்ளிட்டை 15க்கு இறக்கி, வாயிலை 150க்கு, ஓவனை 100க்கு வைத்து, ட்யூன் திரையை மூடி, சிலிண்டரின் அழுத்தத்தைக் குறித்து வையுங்கள். விடுமுறையில் தினமும் வந்து பார்க்க ஒருவரை நியமித்து, அந்த நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள்.